பேரிக்காயில் சர்க்கரையும் புளிப்பும்: புது ரகம் உருவாக்க விரும்புவோருக்கு அளவீட்டு வழிகாட்டி

கொடைக்கானலில் விளைந்த கீஃபர் பேரிக்காய் ஒன்றையும், சீனாவிலிருந்து வந்த வெளிர்மஞ்சள் பேரிக்காய் ஒன்றையும் ஒரே நாளில் பிழிந்து பார்த்தேன். சாற்றின் இனிப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் இரண்டுமே 11.4 பிரிக்ஸ் (சாற்றில் கரைந்திருக்கும் பொருளின் சதவீத அளவு). வாயில் வைத்தால் சீனத்துக் காய் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கியது. கீஃபர் முதலில் புளித்தது, அப்புறம் நறநறவென்று பல்லில் பட்டது, கடைசியில்தான் இனிப்பு தெரிந்தது. கருவிக்கு ஒன்றாகத் தெரிந்த இரண்டு பழங்களை நாக்கு ஏன் இப்படிப் பிரிக்கிறது என்று புரிந்துகொள்ளாமல் பெற்றோர் மரங்களைத் தேர்ந்தெடுத்தால், ஏழெட்டு வருஷம் கழித்துக் காய்க்கும் நாற்றுகள் நம் உழைப்பை வீணாக்கிவிடும்.

பேரிக்காய் ரகங்களின் சர்க்கரையையும் அமிலத்தையும் எப்படி அளப்பது, அந்த அளவுகளை வைத்து எதை எதோடு சேர்ப்பது என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். தோட்டக்கலை மாணவர்களுக்கும், மலையில் நாலு மரம் வைத்துக்கொண்டு சொந்தமாகக் கலப்பு செய்து பார்க்கத் துடிப்பவர்களுக்கும் இது உதவும்.

படி 1: பழத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பேரிக்காயின் இனிப்பு நாலு பொருள்களிலிருந்து வருகிறது: ஃபிரக்டோஸ், குளுக்கோஸ், சுக்ரோஸ், சார்பிட்டால். கரும்பிலும் மாமரத்திலும் இலை தயாரிக்கும் உணவு சுக்ரோஸாகத்தான் தண்டுக்கும் காய்க்கும் போகிறது. ஆப்பிள், பேரி, பிளம்ஸ் அடங்கிய ரோஜாக் குடும்பத்து மரங்கள் அப்படியல்ல. அவற்றில் பெரும்பகுதி சார்பிட்டாலாகப் போகிறது. இது சர்க்கரை ஆல்கஹால் வகை. காய்க்குள் போனதும் சார்பிட்டால் டீஹைட்ரஜினேஸ் என்ற நொதி அதை ஃபிரக்டோஸாக மாற்றுகிறது. அதனால்தான் பெரும்பாலான பேரி ரகங்களில் ஃபிரக்டோஸே முதலிடம் பிடிக்கிறது. மாறாமல் மிச்சமிருக்கும் சார்பிட்டால் பழத்திலேயே தங்கிவிடும். பேரிச்சாறு நிறையக் குடித்த குழந்தைக்கு வயிறு இளகுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இந்த நாலும் ஒரே அளவுக்கு இனிப்பவை அல்ல. சுக்ரோஸின் இனிப்பை 1 என்று வைத்தால் ஃபிரக்டோஸ் சுமார் 1.7, குளுக்கோஸ் சுமார் 0.7, சார்பிட்டால் சுமார் 0.6. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பழங்களிலும் 100 கிராமுக்கு 12 கிராம் சர்க்கரை. முதல் பழத்தில் ஃபிரக்டோஸ் 6, குளுக்கோஸ் 2, சுக்ரோஸ் 1, சார்பிட்டால் 3. இரண்டாவதில் 3.5, 3, 3.5, 2. முதல் பழத்தின் இனிப்பு மதிப்பு 10.2 + 1.4 + 1 + 1.8 = 14.4. இரண்டாவது பழத்துக்கு 5.95 + 2.1 + 3.5 + 1.2 = 12.75. ரிஃப்ராக்டோமீட்டர் இந்த வித்தியாசத்தைக் காட்டாது.

புளிப்பில் மாலிக் அமிலமும் சிட்ரிக் அமிலமும்தான் முக்கியம். குவினிக், ஷிகிமிக் போன்றவை கொஞ்சமாக இருக்கும். ஆசிய ரகங்களில் பெரும்பாலும் மாலிக்தான் ஓங்கி நிற்கும். ஐரோப்பிய ரகங்கள் சிலவற்றில் சிட்ரிக் அதற்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ வரும்.

படி 2: எந்த இனம் எதைத் தரும்

சாப்பிடும் பேரிகளை ஐரோப்பியப் பேரி, ஜப்பானிய மணற்பேரி, சீன வெள்ளைப் பேரி, உசூரிப் பேரி என்று நாலு பெரிய கூட்டமாகப் பிரிக்கலாம். சின்ஜியாங்கின் கோர்லா வாசனைப் பேரி தனிக்கிளை.

ஐரோப்பியப் பேரிகளில் பார்ட்லெட் அல்லது வில்லியம்ஸ், பாக்காம்ஸ் டிரையம்ஃப், கான்ஃபரன்ஸ் போன்றவை அடக்கம். பொதுவாக ஃபிரக்டோஸ் அதிகம், சுக்ரோஸ் குறைவு, சார்பிட்டால் கணிசம். அமிலம் பெரும்பாலும் 0.2 முதல் 0.5 சதவீதம். மணமும் வெண்ணெய்ப் பதமும் இவற்றின் சொத்து.

ஜப்பானிய ரகங்களில் அமிலம் 0.1 முதல் 0.2 சதவீதத்தில் நின்றுவிடும். சர்க்கரையில்தான் சுவாரஸ்யம். கோசுய், ஹோசுய், சோஜுரோ போன்றவை பழுக்கும் கடைசி வாரங்களில் சுக்ரோஸைச் சேர்க்கும். சீனத்து யாலி அப்படி அதிகம் சேர்ப்பதில்லை. பறிக்கும் நாள் ஒரு வாரம் முன்பின் ஆனால் சுக்ரோஸ் அளவு எக்கச்சக்கமாக மாறுவது சோஜுரோ வகையில்தான்.

உசூரிப் பேரி வடகிழக்குச் சீனாவின் கடுங்குளிரைத் தாங்குவது. அமிலம் ஒரு சதவீதத்தை ஒட்டியும் அதற்கு மேலும் போகும். மணம் அபாரம். குளிர் தாங்கும் குணத்துக்காக இதைக் கலப்பில் சேர்ப்பவர்கள் அதன் புளிப்பையும் சேர்த்தே வாங்குகிறார்கள். அதைக் குறைக்க மறுபடி ஒரு தலைமுறை இனிப்பு ரகத்தோடு சேர்க்க வேண்டிவரும்.

நம் மலைகளில் அதிகம் பார்க்கும் கீஃபர் ஒரு கலப்பினம். அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் பீட்டர் கீஃபர் என்பவர் வளர்த்த நாற்று, 1873-ல் முதலில் காய்த்தது. மணற்பேரியோடு அநேகமாக பார்ட்லெட் சேர்ந்து வந்தது என்று கருதப்படுகிறது. கல் செல்கள் (பல்லில் நறநறவென்று படும் கெட்டித் துகள்கள்) நிறைந்த சதை மணற்பேரியின் கொடை. மரம் முரட்டுத்தனமாக வளரும், தவறாமல் காய்க்கும், குளிர் கொஞ்சம் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும். நேரே கடித்துச் சாப்பிட இது உயர்ந்த பழம் என்று நான் சொல்லமாட்டேன். தாய் மரமாக இதற்கு மதிப்பு உண்டு என்பது என் கருத்து.

படி 3: பறிக்கும் நாளை முதலில் சரிசெய்யுங்கள்

இந்த வேலையில் பாதித் தவறு ஆய்வகத்துக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஐரோப்பியப் பேரி மரத்தில் பழுக்கவிட்டால் உள்ளே கலங்கி, மாவாகி, நடுவிலிருந்து அழுகும். அதை முற்றிய பச்சைக் காயாகப் பறித்து, குளிர்பதனத்தில் வைத்து, பிறகு 20 டிகிரி செல்சியஸ் அறையில் பழுக்க வைக்க வேண்டும். பார்ட்லெட்டுக்கு இரண்டு மூன்று வாரக் குளிர் போதும். ஆன்ஜூ ரகத்துக்கு இரண்டு மாதம் வரை வேண்டும். ஜப்பானிய, சீன வெள்ளை ரகங்கள் மரத்திலேயே பழுப்பவை. பறித்த அன்றே அளக்கலாம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பறித்து, ஒரே நாளில் பிழிந்து, அட்டவணை போட்டால் என்ன ஆகும்? ஐரோப்பியக் காயில் மாவுச்சத்து இன்னும் சர்க்கரையாக மாறியிருக்காது. மாவுச்சத்து ரிஃப்ராக்டோமீட்டரில் தெரியாது. அந்த ரகம் சப்பென்று இருப்பதாக அட்டவணை சொல்லும். ஒவ்வொரு ரகத்தையும் அதன் சாப்பிடும் பதத்தில்தான் அளக்க வேண்டும்.

பதம் பார்க்க மூன்று வழிகளைச் சேர்த்துப் பயன்படுத்துங்கள். முதலாவது அயோடின். காயைக் குறுக்கே வெட்டி, அயோடின்-பொட்டாசியம் அயோடைடு கரைசலில் ஒரு நிமிஷம் கவிழ்த்து வையுங்கள். முற்றாத காயில் வெட்டுமுகம் முழுக்க கருநீலமாகும். முற்ற முற்ற நடுவிலிருந்து வெளிநோக்கி வெள்ளை பரவும். இரண்டாவது, 8 மி.மீ. முனை கொண்ட அழுத்தமானி. சதை எவ்வளவு தாங்குகிறது என்று சொல்லும். மூன்றாவது, பூ முழுதாக மலர்ந்த நாளிலிருந்து எண்ணும் நாள்கணக்கு. மூன்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள்; அடுத்த வருஷம் அதே பதத்தைத் திரும்பப் பிடிக்க இந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

காய்ப்பளவையும் சீராக்குங்கள். காய்கள் நெருக்கியடித்துக் காய்த்த மரத்தில் எந்த ரகமும் சப்பென்றுதான் இருக்கும். ஜப்பானியத் தோட்டங்களில் ஒரு காய்க்குச் சுமார் 25 முதல் 30 இலை இருக்கும்படி பிஞ்சுகளைக் கழிப்பார்கள். ஒப்பிடும் எல்லா மரங்களுக்கும் அந்த மாதிரி ஒரே அளவை வையுங்கள். ஒட்டுக்கு அடியில் இருக்கும் வேர்ச்செடியும் ஒரே வகையாக இருந்தால் நல்லது.

படி 4: மாதிரி எடுப்பது

ரகத்துக்கு மூன்று மரம், மரத்துக்குப் பத்துக் காய். வெயில் படும் வெளிக்கிளையிலிருந்து ஐந்து, நிழலில் இருக்கும் உள்கிளையிலிருந்து ஐந்து. வண்டு துளைத்தது, நசுங்கியது வேண்டாம்.

ஒரு பேரிக்காய்க்குள்ளேயே ருசி மாறும். காம்புப் பக்கத்தைவிடப் பூ உதிர்ந்த அடிப்பக்கம் இனிக்கும். விதையறையை ஒட்டிய சதை அதிகம் புளிக்கும். யாராவது காய் நறுக்கிக் கொடுத்தால் காம்புத் துண்டையும் அடித்துண்டையும் தனித்தனியாகக் கடித்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். ஆகவே கன்னத்தில் ஒரு துண்டு சுரண்டிச் சொட்டு விட்டால் போதாது. காம்பிலிருந்து அடிவரை நீளவாக்கில் இரண்டு கீற்று எடுங்கள், ஒன்று வெயில் பட்ட சிவந்த பக்கத்தில், மற்றது எதிர்ப்பக்கத்தில். தோலையும் நடுவையும் நீக்கி, பத்துக் காயின் கீற்றுகளையும் ஒன்றாக அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள்.

படி 5: பிரிக்ஸ்

ரிஃப்ராக்டோமீட்டரை வாலைநீர் வைத்துச் சுழிக்குக் கொண்டுவாருங்கள். வெப்பநிலை தானாகத் திருத்தும் கருவி இல்லையென்றால் சாறும் கருவியும் 20 டிகிரியில் இருக்க வேண்டும். குளிர்பதனத்திலிருந்து எடுத்த கையோடு அளப்பதைத் தவிருங்கள். மூன்று முறை அளந்து சராசரி எழுதுங்கள்.

சாதாரணமாகப் பேரியில் 10 முதல் 15 வரை வரும். இந்த எண்ணில் சர்க்கரையோடு சார்பிட்டால், அமிலம், கரைந்த மற்றப் பொருள்கள் எல்லாம் கலந்திருக்கின்றன. நூற்றுக்கணக்கான நாற்றுகளை வேகமாகச் சலிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. பெற்றோரைத் தேர்வதற்கு இது மட்டும் போதாது.

படி 6: புளிப்பு

வடிகட்டிய சாறு 10 மி.லி. எடுத்து, கொதிக்க வைத்து ஆறவைத்த வாலைநீர் 50 மி.லி. சேருங்கள். கொதிக்க வைப்பது, தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடை விரட்டத்தான். பேரியில் அமிலம் குறைவு என்பதால் இந்தச் சின்னத் தப்பும் விடையைக் கெடுக்கும். பியூரெட்டில் (சொட்டு அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) 0.1 நார்மல் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு. பிஎச் மீட்டர் 8.1 காட்டும்வரை சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

நிறம் மாறிக் காட்டும் ஃபீனால்ஃப்தலீன் போட்டு இளஞ்சிவப்பு வரும்வரை பார்ப்பது பழைய முறை. எலுமிச்சைச் சாற்றுக்குச் சரி. பேரிச்சாறு பிழிந்த சில நிமிஷத்தில் தேநீர் நிறத்துக்குப் போய்விடும். அந்தப் பழுப்பில் இளஞ்சிவப்பு எப்போது வந்தது என்று கண்ணால் சொல்வது கஷ்டம். ஒருவர் 3.0 மி.லி.யில் நிறுத்துவார், இன்னொருவர் 3.5-ல். 0.2 சதவீத அமிலமுள்ள பழத்தில் அந்த அரை மி.லி. பெரிய தப்பு. பிஎச் மீட்டர் வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள்.

கணக்கு: செலவான மி.லி. × 0.1 × 0.067 × 100, இதைச் சாற்றின் அளவான 10-ஆல் வகுக்க வேண்டும். 0.067 என்பது மாலிக் அமிலத்துக்கான எண். சுருக்கமாக, 10 மி.லி. சாறும் 0.1 நார்மல் கரைசலும் என்றால், செலவான மி.லி.யை 0.067-ஆல் பெருக்கினால் போதும். 3.2 மி.லி. செலவானால் 0.21 சதவீதம், 5.4 என்றால் 0.36. சிட்ரிக்காகக் கணக்கிட்டால் 0.064 போட வேண்டும். எதுவாக இருந்தாலும் எல்லா ரகத்துக்கும் ஒன்றையே வைத்து, அட்டவணைத் தலைப்பில் எழுதிவிடுங்கள்.

படி 7: சர்க்கரையைப் பிரித்துப் பார்ப்பது

நாலு சர்க்கரையையும் தனித்தனியாக அளக்க எச்பிஎல்சி (கரைசலில் கலந்திருக்கும் பொருள்களைப் பிரித்து அளப்பது) கருவி வேண்டும். சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது. பல்கலைக்கழக ஆய்வகங்களில் கட்டணம் கட்டிச் செய்துகொள்ளலாம். எல்லா மாதிரியையும் அனுப்ப வேண்டியதில்லை, பெற்றோராக யோசிக்கும் பத்துப் பன்னிரண்டு ரகங்களை மட்டும் அனுப்புங்கள்.

நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் ஒரு சீசன் முழுதும் காலையில் சாறு பிழிந்து, மேஜைமேல் வைத்துவிட்டு, மதியத்துக்கு மேல் கருவியில் ஏற்றினோம். அந்த வருஷ அட்டவணையில் எல்லா ரகத்திலும் சுக்ரோஸ் மிகக் குறைவாக, குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கூடுதலாக இருந்தன. மறு வருஷம் அதே மரங்களின் காயை நறுக்கியதும் கொதிக்கும் 80 சதவீத எத்தனாலில் போட்டோம். ஜப்பானிய வகைகளில் சுக்ரோஸ் பளிச்சென்று வந்தது. சாற்றிலிருந்த இன்வர்டேஸ் நொதி, மேஜைமேல் இருந்த நேரத்தில் சுக்ரோஸை இரண்டாக உடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. முதல் வருஷ எண்களை நம்பி இரண்டு நல்ல ரகங்களைப் பெற்றோர் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தோம். அதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது. நறுக்கிய உடனே சூடான எத்தனால் அல்லது திரவ நைட்ரஜன். இரண்டும் இல்லையென்றால் சுக்ரோஸ் எண்ணை எழுதவே எழுதாதீர்கள்.

படி 8: விகிதத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்

பிரிக்ஸை அமிலத்தால் வகுத்து வரும் எண்ணைத்தான் பலரும் ருசியின் அளவாகச் சொல்கிறார்கள். ஒரு பழத்தில் பிரிக்ஸ் 9, அமிலம் 0.15. இன்னொன்றில் 13.2, 0.22. இரண்டிலும் விகிதம் 60. முதலாவது வெறும் தண்ணீர். இரண்டாவது சந்தையில் முதல் விலைக்குப் போகும் பழம். அமிலம் 0.1 அளவுக்கு இறங்கும் ஆசியப் பேரிகளில் வகுக்கும் எண் மிகச் சிறியது. அதில் துளி மாறினாலும் விகிதம் தாறுமாறாக எகிறும்.

நான் செய்வது இது. வரைபடத்தாளில் கிடைக்கோட்டில் பிரிக்ஸ், செங்குத்துக்கோட்டில் அமிலம். ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு புள்ளி, பக்கத்தில் பெயர், மூன்று வருஷத்துக்கு மூன்று நிறம். ஒரு ரகத்தின் மூன்று புள்ளியும் நெருங்கி இருந்தால் அது நிலையான ரகம். சிதறிக் கிடந்தால் வானிலைக்கு ஆடுகிறது. என் அனுபவத்தில், நேரே சாப்பிடும் ஆசிய வகைக்கு 13 பிரிக்ஸுக்கு மேலும், அமிலம் 0.15 முதல் 0.25-க்குள்ளும் இருப்பது நல்ல இடம். 0.1-க்குக் கீழே போனால் எவ்வளவு இனிப்பு இருந்தாலும் இரண்டாவது துண்டிலேயே திகட்டும்.

படி 9: எதை எதோடு சேர்ப்பது

பிரிக்ஸைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. மண், வெயில், மழைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. நாற்றுக் கூட்டத்தின் சராசரி பெரும்பாலும் தாய் தந்தை இரண்டின் நடுமதிப்பை ஒட்டியே வரும். 14-ஐயும் 10-ஐயும் சேர்த்தால் சராசரி 12 பக்கம் நிற்கும். 14-ஐத் தாண்டுவது ஒன்றிரண்டு நாற்றுதான். இரண்டு பக்கமும் உயர்ந்த பிரிக்ஸ் இருந்தால், நல்ல நாற்றைத் தேட வளர்க்க வேண்டிய கூட்டம் சின்னதாகும். புளிப்பின் கதை கொஞ்சம் வேறு. ஆப்பிளில் 16-வது குரோமோசோமில் உள்ள ஓர் இடமே புளிப்பைப் பெருமளவு தீர்மானிக்கிறது என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. நெருங்கிய உறவான பேரியிலும் ஒரே கலப்பில் சப்பையும் கடும்புளிப்பும் பிரிந்து வருவதைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. ஜப்பானின் நிஜிசெய்கி 1888-ல் மத்சுதோ ஊரில் ஒரு சிறுவன் கண்டெடுத்த நாற்று. சாறும் மிதமான புளிப்பும் உள்ளது. நீத்தகா பெரிய காய், நல்ல இனிப்பு, புளிப்பு குறைவு. இரண்டையும் சேர்த்துக் கொரியா 1984-ல் வெளியிட்டது வாங்கும்பே என்ற பொன்னிறப் பேரி. சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் உள்ளூர் சுயேஹுவாவையும் ஜப்பானிய ஷின்செய்கியையும் சேர்த்து வந்தது ஹுவாங்குவான். இரண்டிலும் ஒரு பெற்றோரின் குறையை மற்றதன் பலம் நிரப்பியது.

ஆவணத்தை அப்படியே நம்பாமல் மரபணுச் சோதனையும் செய்துகொள்ளுங்கள். ஹோசுயின் பெற்றோர் என்று நெடுங்காலம் எழுதப்பட்டிருந்தது தவறு. கோசுய் அதன் பெற்றோரில் ஒன்று என்று டிஎன்ஏ சோதனையில்தான் தெரிந்தது. அப்படியென்றால் ஹோசுயையும் கோசுயையும் சேர்ப்பது பிள்ளையைப் பெற்றோரோடு சேர்ப்பது. ஜப்பானியப் பேரியில் நெருங்கிய உறவுக் கலப்பு நாற்றின் வீரியத்தையும் காயின் பருமனையும் குறைக்கும்.

இன்னொரு தடை, தன் மகரந்தத்தைத் தானே மறுக்கும் குணம். பேரி ஒவ்வொன்றிலும் எஸ் மரபணுவின் இரண்டு வடிவங்கள் உண்டு. இரண்டும் ஒத்த ரகங்கள் ஒன்றையொன்று கருவுறச் செய்யா. நிஜிசெய்கியும் கிகுசுயும் எஸ்2 எஸ்4. கோசுயும் ஷின்சுயும் எஸ்4 எஸ்5. இந்த ஜோடிகளைச் சேர்த்தால் விதை கிடைக்காது. பொருத்தம் பார்த்துவிட்டுப் பூவைத் தொடுங்கள்.

படி 10: கலப்பு

மொட்டு பலூன்போல் உப்பி, நாளை மலரும் என்ற நிலையில் தந்தை மரத்தின் தாதுப்பைகளை எடுத்து, நிழலில் சுமார் 25 டிகிரியில் ஒரு நாள் காயவையுங்கள். வெடித்து மகரந்தம் கொட்டும். சிலிக்கா ஜெல்லோடு சிறு குப்பியில் அடைத்தால் குளிர்பெட்டியில் அந்த சீசன் முழுதும் தாங்கும். தாய் மரத்தில் அதே நிலை மொட்டுகளின் இதழையும் தாதுப்பையையும் நகத்தால் கிள்ளிவிட்டு, தூரிகையால் மகரந்தம் தடவி, உறை கட்டுங்கள். ஒரு காயில் பத்து விதை வரை கிடைக்கும். பழுத்த காயிலிருந்து எடுத்த விதையை ஈர மணலில் 4 டிகிரியில் இரண்டு முதல் மூன்று மாதம் வைத்தால்தான் முளைக்கும்.

நாற்று காய்க்க ஐந்து முதல் எட்டு வருஷம், சிலது அதற்கும் மேல். வளர்ந்த மரத்தின் மேல்கிளையில் நாற்றின் குச்சியை ஒட்டுக்கட்டினால் ஓரளவு சுருங்கும்.

படி 11: நாற்றைக் கழிப்பது

முதல் காய்ப்பில் அளந்து மரத்தை வெட்டாதீர்கள். இளம் மரத்தின் முதல் காய்கள் பெரும்பாலும் பருமனிலும் ருசியிலும் பின்னால் வருவதுபோல் இருக்காது. முதல் வருஷம் பிரிக்ஸ் 10-க்குக் கீழே, சதையும் கல்போல் நறநறவென்று இருப்பவற்றை மட்டும் கழியுங்கள். இரண்டாம் வருஷம் பிரிக்ஸோடு அமிலத்தையும் அளந்து, வரைபடத்தில் தாய் தந்தைப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் குறித்துவையுங்கள். மூன்றாம் வருஷம் மிஞ்சிய பத்திருபது மரங்களின் காயைத்தான் எச்பிஎல்சிக்கு அனுப்ப வேண்டும்.

அதோடு, பெயர் சொல்லாமல் எண் மட்டும் ஒட்டிய தட்டில் துண்டுகளை வைத்து, வீட்டில் உள்ளவர்களையும் தோட்டத்தில் வேலை செய்பவர்களையும் சாப்பிடச் சொல்லுங்கள். எந்தத் தட்டு முதலில் காலியாகிறது என்று நோட்டில் எழுதுங்கள். அந்த மரத்திலிருந்து குளிர்காலத்தில் குச்சி வெட்டி, உயரம் வேறான இன்னொரு தோட்டத்தில் ஐந்து மரமாவது ஒட்டுக்கட்டி, படி 3-லிருந்து மறுபடி தொடங்குங்கள்.